சும்மா கிடைக்கிற காய்

பக்ரீதுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, ஜவஹர் அலி கையில் ஒரு சாண் உயரக் கோப்பையுடன் வீட்டுக்குள் நுழைந்தார். காரைக்காலில் அன்று காற்றே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும் முன்பே, "அமீரு, தண்ணி கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி அமீர் நிஷா அடுப்படியில் உட்கார்ந்து, உப்புக்கண்டம் போடுவதற்காகக் குர்பானிக் கறியை நீள நீளமாக வகிர்ந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டுச் செம்போடு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகள் நௌஷின், கோப்பையைப் பார்த்ததும் போனை எடுத்துப் படம் பிடித்தாள்.

"எத்தன ஆட்டம் ஜெயிச்சீங்க வாப்பா?"

"ஒண்ணு."

"அஞ்சுல ஒண்ணா? அதுக்கா கப்பு?"

"நாப்பது வயசுக்கு மேல புதுசா ஆட வந்தவங்கள்ல நான்தான் மொதல். அதுக்குத் தனிக் கப்பு."

"அந்த வயசுல மொத்தம் எத்தன பேரு வந்தாங்க?"

ஜவஹர் அலி தண்ணீரைக் குடித்து முடிக்க நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"மூணு பேரு."

நௌஷின் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அமீர் நிஷா சிரிக்கவில்லை. "பசியாறுங்க மச்சான். இடியாப்பமும் கறி ஆணமும் இருக்கு" என்றாள்.

ஷார்ஜாவில் கட்டுமானச் சாமான் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் ஜவஹர் அலி. இப்படிக் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிப்பவர்களை ஊரில் சபுராளி என்பார்கள். சபுராளியைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்குப் புருஷன் என்பது வருஷத்தில் பதினோரு மாதம் ஒரு போன்தான். பேச்சு என்னவென்றால், சாப்பிட்டாயா, பிள்ளைகள் படிக்கிறார்களா, மழையா. இந்த மூன்றும் தீர்ந்த பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனிக் கேம்பில் யாரோ அவருடைய போனில் செஸ் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். அவர் அமீர் நிஷாவின் போனிலும் போடச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் ஓர் ஆட்டம், சில நாள் இரண்டு. காய் நகர்த்திக்கொண்டே பேசினார்கள். பேச்சும் வளர்ந்தது.

அவர்தான் ஜெயிப்பார். இரண்டாயிரத்துச் சொச்சம் வெற்றி என்று ஆப் கணக்குக் காட்டியது. அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

பிப்ரவரியில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் ஊருக்குத் திரும்பினார். மகன் ஆபித் இப்போது அதே ஷார்ஜாவில் வேறொரு கம்பெனியில் இருக்கிறான். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளை அங்கே வந்து தங்குபவர். சம்பாதித்துக்கொண்டு விடுமுறைக்கு வந்து தங்குவது ஒரு மாதிரி. வேலையில்லாமல் காலை பத்து மணிக்குப் பெண்டாட்டி வீட்டு ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பது வேறு மாதிரி. அதனால்தான் செஸ் வகுப்பு ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார். நௌஷின் போனிலேயே போஸ்டர் செய்து கொடுத்தாள். ஜூன் இருபத்திரண்டு ஆரம்பம். ஒன்பது பிள்ளைகளின் பெற்றோர் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஊருக்குத் தன் முகத்தைக் காட்டத்தான், சதுரங்க மன்றம் ஜூன் மாத ஞாயிறுகளில் நடத்தும் புதியவர்களுக்கான போட்டியில் சேர்ந்தார்.

இடியாப்பத்தைப் பிய்த்து ஆணத்தில் தோய்த்தபடி, அந்த ஒரு வெற்றியின் கதையைச் சொன்னார்.

"ஒரு போட்டுக்காரன் வந்தான் அமீரு. கோட்டுச்சேரிமேடு. பேரு பூமிநாதன். லுங்கியும் டீசல் நாத்தமுமா. பிட்டு வச்சுக்கிட்டு ஆடியிருக்கான். கையும் களவுமாப் புடிச்சேன்."

நடந்தது இதுதான்.

ஜவஹர் அலியின் ஆட்டம் எப்போதும் ஒன்றே. மூன்றாவது நகர்த்தலிலேயே ராணியை எதிராளியின் ராஜாவுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்துவார். பிஷப் துணைக்கு நிற்கும். எதிராளி கவனிக்காவிட்டால் நான்காவதில் மேட். போட்டி மண்டபத்தில் முதல் மூன்று சுற்றில் எதிரே உட்கார்ந்த மூன்று பேரும் கவனித்தார்கள். ஒரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி ராணியை விரட்டினார்கள். பிறகு குதிரையை விட்டு விரட்டினார்கள். ராணி ஓடி ஓடி ஏதோ ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. மூன்று பேரில் ஒருத்தி ஆறாம் வகுப்பு.

நான்காவது சுற்றில் பூமிநாதன். விசைப்படகில் இஞ்சின் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இரண்டு மாதமாகக் கரையில் இருப்பவர். ஆளைப் பார்த்ததும் ஜவஹர் அலிக்குத் தெம்பு வந்தது. ஆனால் அந்த ஆள் ஒவ்வொரு காயையும் தொடுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் பலகையைப் பார்த்தார். உதடு அசைந்தது. அவ்வப்போது சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். பதினோராவது நகர்த்தலில் ஜவஹர் அலியின் ராணி போயிற்று.

ஜவஹர் அலி கையைத் தூக்கினார். "சார், இவரு பாக்கெட்ல என்னவோ இருக்கு. தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு."

மன்றச் செயலாளர் சுந்தரமூர்த்தி ஜெராக்ஸ் கடைக்காரர். போட்டிக்கு நடுவரும் அவர்தான். அவர் வருவதற்குள் ஜவஹர் அலியே எழுந்து பூமிநாதனின் பைக்குள் விரல்களை விட்டார். புகையிலைப் பொட்டலம் ஒன்று வந்தது. நாலாக மடித்த தாள் ஒன்றும் வந்தது. சுந்தரமூர்த்தி அதைப் பிரித்து, மண்டபம் கேட்கும்படி படித்தார்.

"ராணிய மொதல்ல வெளிய வுடாத. கைய வைக்கறதுக்கு முன்னாடி அவன் எங்க அடிக்கப் போறான்னு பாரு. சும்மா கெடைக்கற காய எடுக்காத, ஏன் குடுக்குறான்னு யோசி. தோத்தா கோவப்படாத, எழுது."

மண்டபம் சிரித்தது. குழந்தைகள் சிரித்தன, கூட வந்த தகப்பன்மார்கள் சிரித்தார்கள். ஜவஹர் அலியும் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

பூமிநாதன் எழுந்து நின்றார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டார். "நான் அதப் பாக்கலங்க. பையில இருந்துச்சு, அவ்வளவுதான். எல்லாம் மனப்பாடந்தான்" என்றார். அதற்கும் யாரோ சிரித்தார்கள்.

ஆட்டத்தின்போது எழுத்துக் குறிப்பு வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிச் சுந்தரமூர்த்தி புள்ளியை ஜவஹர் அலிக்குக் கொடுத்தார். பூமிநாதனைத் தொடரிலிருந்து நீக்கினார். அவர் படி இறங்கிப் போனார். தாள் மேஜையிலேயே கிடந்தது. வீட்டில் காட்டிச் சிரிக்கலாம் என்று ஜவஹர் அலி அதைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது எடுத்துப் படித்தார். அந்த ஆளின் குரலை நடித்துக்கொண்டே படித்தார். "சும்மா கெடைக்கற காய எடுக்காத" என்ற வரி வந்தபோது, கறி வகிர்ந்துகொண்டிருந்த அமீர் நிஷாவின் கத்தி நின்றது.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. கத்தி மழுங்கிப் போச்சு."

அவள் எழுந்து போய்க் கத்தியைக் கல்லில் தேய்த்தாள். அந்தக் கத்தி நேற்று சாணை பிடித்தது. ஜவஹர் அலிக்கு அது தெரியும். அவர்தான் கொண்டுபோய்ப் பிடித்துவந்தார்.

மறுநாள் காலை ஹாலில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து, ஆப்பைத் திறந்தார். பழைய ஆட்டங்களை எல்லாம் அது பத்திரமாக வைத்திருந்தது. ஜெயித்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. ஜெயித்ததில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர். அன்று ஒன்றைத் திறந்தார். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆட்டம். பன்னிரண்டு நகர்த்தல் வரை அவர் நிலைமை மோசம். யானை மாட்டியிருக்கிறது, ராஜாவைச் சுற்றி ஆளில்லை. பதின்மூன்றாவதில் அமீர் நிஷாவின் ராணி தானாக வந்து அவருடைய சிப்பாயின் வாய்க்கு நேராக நிற்கிறது. அவர் எடுத்துவிடுகிறார். அன்றைக்கு, "பாத்து ஆட மாட்டியா புள்ள, ஒனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

ஏன் குடுக்குறான்னு யோசி.

அடுத்ததைத் திறந்தார். அதில் குதிரை. அடுத்ததில் இரண்டு நகர்த்தலில் மேட் வைக்க வேண்டியவள், மூலையில் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுச் சும்மா இருக்கிறாள். மதியச் சோற்றுக்குக் கூப்பிட்டபோது இருபத்தாறு ஆட்டம் பார்த்திருந்தார். சோறு இறங்கவில்லை. கறி உப்பாக இருக்கிறது என்றார். நௌஷின் ருசி பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அமீர் நிஷா மொட்டை மாடியில் இருந்தாள். மஞ்சளும் உப்பும் பிசறி நூலில் கோத்த கறித் துண்டுகளைக் கொடியில் மாலை மாலையாகத் தொங்கவிட்டிருந்தாள். கையில் நீளக் கம்பு. சுற்றுச்சுவரில் ஐந்தாறு காக்கைகள் உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தன. ஜவஹர் அலி ஏறி வந்து தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றார்.

"அமீரு. ஒண்ணு கேக்கணும். நெசத்தச் சொல்லணும்."

"கேளுங்க."

"நீ வேணுமின்னே தோத்தியா?"

அவள் கம்பை வீசினாள். இரண்டு காக்கைகள் பறந்து அடுத்த வீட்டுச் சுவரில் உட்கார்ந்தன.

"மொத வருசம் நெசமாத்தான் தோத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நௌஷினு ஆப்புலயே புதிர் மாதிரி ஒண்ணு வரும்னு காட்டிக் குடுத்தா. ரெண்டு நகர்த்தல்ல மேட் வை, மூணு நகர்த்தல்ல மேட் வைன்னு. சோறு வேகற நேரத்துல அதப் போட்டேன். தெனம் பத்து. ஒங்ககிட்ட தோத்த ஆட்டத்தையும் எடுத்து வச்சு எங்க தப்பு பண்ணேன்னு பாப்பேன். கொஞ்சம் கொஞ்சமா கண்ணு தொறந்துச்சு மச்சான். ஒரு வெள்ளிக்கெழம ஒங்கள ஜெயிச்சுட்டேன். ஞாபகம் இருக்கா?"

"நெட்டு கட்டாயி நின்னுபோச்சே, அந்த ஆட்டமா?"

"நெட்டு கட்டாவல. நீங்க வச்சுட்டீங்க. அதுக்கப்பறம் நாலு நாளு போனே பண்ணல."

ஜவஹர் அலி தொட்டிச் சுவரில் முதுகைச் சாய்த்தார்.

"அந்த நாலு நாளும் ஆபிதுக்குக் காச்சல். டெங்குன்னாங்க. ஆஸ்பத்திரியில வச்சிருந்தேன். நான் அடிச்சா நீங்க எடுக்கல. அஞ்சாம் நாளு எடுத்து, டூட்டி ஜாஸ்தின்னு சொன்னீங்க. அன்னிக்கே ஒரு ஆட்டம் ஆடுனோம். நான் ராணியக் குடுத்தேன். ஒங்களுக்கு ஒரே சந்தோசம். அப்பதான், ஆபிது எப்படி இருக்கான்னு கேட்டீங்க."

"அதுக்காவ அஞ்சு வருசமா?"

"தோக்கறதும் லேசு இல்ல மச்சான். நீங்க கண்டுபுடிக்காத மாதிரி தோக்கணும். சில நாளு நீங்க ஆடுன ஆட்டத்துக்கு நான் தோக்கவே வழி இருக்காது. பத்து நிமிசம் யோசிப்பேன், எதக் குடுக்கலாம்னு. நீங்க, பயந்துட்டியான்னு சிரிப்பீங்க." அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். வெயிலா வேறு ஏதாவதா தெரியவில்லை. "ஏமாத்திட்டேன். நீங்க அந்தக் கணக்கப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பறப்பயே சொல்லியிருக்கணும். கிளாஸு ஆரம்பிக்கறேன்னப்பயாச்சும் சொல்லியிருக்கணும். வாய் வரல. வேலையும் போயி வந்திருக்கீங்க, இதையும் எப்படிப் புடுங்கறதுன்னு இருந்துச்சு."

"நௌஷினுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மகள் கோப்பையைப் படம் எடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. தொட்டியின் நிழல் விலகி, வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. ஒரு காக்கை கொடிக்கு மிகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அதை இரண்டு பேரும் விரட்டவில்லை.

"அந்த ஆளு நெசமா ஜெயிச்சிருந்தான் அமீரு" என்றார் கடைசியில். "பிட்டு இல்லாமத்தான். எனக்கு ராணி போனதும், அது நேர்மையாப் போயிருக்கவே முடியாதுன்னு தோணுச்சு. ஒரு லுங்கிக்காரன் என்னை ஜெயிக்க முடியாதுன்னு தோணுச்சு. அவன் பையில நானே கைய வுட்டேன்."

"நாளைக்குப் போவோம்."

"எங்க?"

"கோட்டுச்சேரிமேட்டுக்கு."

"நீ எதுக்கு?"

"கைய வுட்டது நீங்க. அந்தக் கைக்கு இவ்வளவு திமிரு ஏத்துனது நான்தானே."

புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கொஞ்சம் குர்பானிக் கறி எடுத்துப் போகலாமா என்று ஜவஹர் அலி கேட்டார். லஞ்சம் மாதிரி இருக்கும், வெறுங்கையோடு போவோம் என்றாள் அமீர் நிஷா. வரிச்சிக்குடி வயல்களில் குறுவைக்கு உழுதுகொண்டிருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் நடந்தன. கடல் வாசனை வந்ததும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"டிரைவரு பூமிநாதன் வூடு எது?" என்று வலை தைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார்.

"யாரு, பிட்டு பூமியா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். "நேராப் போயி, தண்ணி டேங்குக்குப் பின்னால."

ஜவஹர் அலிக்கு வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய இரண்டு முறை ஆயிற்று.

பூமிநாதனின் மனைவி தையல்நாயகி வாசலில் உட்கார்ந்து, அலுமினிய அன்னக்கூடையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காரைக்கால் தெருக்களில் மீன் கூவி விற்பவள். இவர்களைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டாள். எழுந்திருக்கவில்லை.

"என்னா பாய், அன்னிக்குச் சட்டப்பைய மட்டுந்தான் பாத்தீங்களாம். வூட்டையும் சோதிக்க வந்தீங்களா?"

"தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி. மன்னிப்புக் கேக்க வந்தோம்."

"யாருகிட்ட? எங்கிட்டயா? எம் பையில நீங்க கைய வுடல."

உள்ளேயிருந்து பூமிநாதன் வந்தார். கையெல்லாம் கிரீஸ். தடை சனிக்கிழமை நடுராத்திரி வரைதான் என்பதால் படகு இஞ்சினின் உதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க பாய். வாங்கம்மா. உள்ள வந்து ஒக்காருங்க. இவ சொல்றதக் கேக்காதீங்க, இவ மீன் விக்கறதே இப்படித்தான்."

ஜவஹர் அலி உட்காரவில்லை. பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். "நீங்க பாக்கல. அது எனக்கு அன்னிக்கே தெரியும். தோத்துட்டேன்னு ஒத்துக்க முடியல. அதான் அப்படிச் செஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

பூமிநாதன் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். "விடுங்க. கடல்ல எவ்வளவோ பாக்கறோம்."

"அதுல இருந்தத நான் காப்பி பண்ணி வச்சுக்கிட்டேன். அதையும் சொல்லிடறேன்."

பூமிநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல என்னா இருக்கு பாய். ரெண்டு வருசமா மீன் ஏலக் கொட்டாயில எல்லாப் பயகிட்டயும் தோத்தேன். ஒவ்வொரு தடவையும் எதனால தோத்தேன்னு ஒரு வரி எழுதி வச்சேன். திரும்பத் திரும்ப இந்த நாலுதான் வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுது, நான் நூறு தப்பு பண்ணல, நாலு தப்பத்தான் நூறு தடவ பண்ணியிருக்கேன்னு. நாலத் திருத்துனதும் பாதி ஆட்டம் ஜெயிச்சேன்." பிறகு அமீர் நிஷாவைப் பார்த்து, "நீங்களும் ஆடுவீங்களாம்மா?" என்றார்.

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஆடுவா. நல்லா ஆடுவா" என்றார் ஜவஹர் அலி.

கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுப் பூமிநாதன் பலகையை விரித்தார். பிளாஸ்டிக் காய்கள், ஒரு யானை தொலைந்துபோய், அதற்குப் பதில் ஒரு நட்டு இருந்தது. ஜவஹர் அலி சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார். ஆறு வருஷமாக அவளோடு ஆடியிருக்கிறார். அவள் ஆடும்போது அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் அவசரப்படவேயில்லை. எதிராளி கை எடுத்த பிறகு, அந்தக் காய் இனி எங்கெல்லாம் போகும் என்று கண்ணால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவந்து, ராஜாவை யானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் ராணியை அசைத்தாள். நாற்பது நிமிஷத்தில் பூமிநாதன் தன் ராஜாவைப் படுக்க வைத்தார்.

"எங்க வுட்டேன்?" என்று உடனே கேட்டார்.

அவள் காய்களைப் பின்னோக்கி அடுக்கி ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்கண்ணே. இந்தச் சிப்பாய எடுத்தீங்க. எடுத்ததால இந்தக் குதிரைக்குக் காவல் போச்சு."

பூமிநாதன் தலையை ஆட்டிக்கொண்டே பென்சில் தேடினார்.

"மன்னிப்புக் கேக்க வந்த எடத்துலயும் ஜெயிச்சுட்டுத்தான் போவீங்களா?" என்றாள் தையல்நாயகி. ஆனால் டீ கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு ஜவஹர் அலியின் எதிரே நின்றாள்.

"பாய், இவரு விட்டுடுவாரு. இவரு சொபாவம் அது. எங்க ஊருல ஒருத்தனுக்கு ஒரு பேரு ஒட்டுனா, சாவற வரைக்கும் அந்தப் பேருதான். நாளைக்கு இவரு புள்ளையையும் பிட்டு பூமி மவன்னுதான் சொல்லுவாங்க. எங்கிட்ட மீன் வாங்கறவளே, தராசுலயும் பிட்டு வச்சிருக்கியான்னு கேக்குறா. நீங்க இங்க வந்து நாலு செவுத்துக்குள்ள சொன்னா அது எங்களோட இருந்துடும். எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

"வர்ற ஞாயித்துக்கெழம சொல்றேன்."

"அன்னிக்கு இவரு கடல்ல இருப்பாரு. சொன்னேன்னு நீங்க சொல்லிட்டா ஆச்சா? நான் வந்து கேப்பேன்."

வியாழனும் வெள்ளியும் ஜவஹர் அலி வீட்டில் அமீர் நிஷாவோடு எட்டு ஆட்டம் ஆடினார். எட்டும் தோற்றார். முதல் ஆட்டத்தில் மட்டும் அவள் பழக்கத்தில் ஒரு குதிரையைக் கொடுத்துவிட்டு, உடனே முகம் சிவந்து அதற்குமேல் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நௌஷினின் பழைய நோட்டில் ஒரு வரி எழுதினார். எட்டு வரியில் ஐந்து ஒரே வரி.

சனிக்கிழமை சாயங்காலம் வகுப்புக்குப் பெயர் கொடுத்த ஒருவர் போன் செய்து, கோப்பைப் படம் பார்த்தேன், வாழ்த்துகள், என் தங்கச்சி மகளையும் சேர்க்க வேண்டும் என்றார். ஜவஹர் அலி சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

"நாளைக்குச் சொன்னா கிளாஸு அவ்வளவுதான் அமீரு."

"தெரியும்."

"இந்தத் தெருவுல எப்படி நடக்கறது?"

"இப்ப எப்படி நடக்குறீங்க?" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் மாடியில் நாற்பது பலகைகள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள், தகப்பன்கள், தாய்கள். வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் நாலைந்து பேரும் இருந்தார்கள். அவரைப் பார்த்துக் கை தூக்கினார்கள். ஜவஹர் அலி கோப்பையைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நேராகச் சுந்தரமூர்த்தியின் மேஜைக்குப் போனார்.

"சார், போன வார ஆட்டம். அந்தப் புள்ளி எனக்கு வேணாம். அவருக்குக் குடுத்துடுங்க. அவரு எழுதி வச்சதப் பாக்கல."

சுந்தரமூர்த்தி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாய், ரிசல்ட்டு போட்டாச்சு. மேலயும் அனுப்பியாச்சு. இனிமே மாத்த முடியாது. அவரும் இன்னிக்குக் கடலுக்குப் போயிட்டாரு. இப்ப இதக் கெளப்பி என்னா ஆவப் போவுது? என் பேருந்தான் கெடும். போயி ஒக்காருங்க."

"அப்ப நான் ஒரு வார்த்த பேசிக்கறேன்."

"ஆட்டம் ஆரம்பிக்கற நேரம் பாய்."

ஜவஹர் அலி திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே, படிக்கட்டின் மேல் படியில், தையல்நாயகி அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலேயே விற்று முடித்திருக்க வேண்டும். கூடை காலியாக இருந்தது. அமீர் நிஷா அவளுக்கு அருகில் நின்றாள்.

கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தார். ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது. காய்களை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே பேசத் தொடங்கினார். குரல் முன்வரிசைக்கே பாதிதான் போயிற்று.

"போன வாரம் பூமிநாதன்னு ஒருத்தரு இங்க ஆடுனாரு. அவரு பிட்டு வச்சு ஆடுனாருன்னு நான் சொன்னேன். அது பொய். அவரு என்னை நெசமா ஜெயிச்சாரு. தோத்தத ஒத்துக்க முடியாம நான் அவரு பையில கைய வுட்டேன். நான் இதுவரைக்கும் ஜெயிச்சேன்னு சொன்னது எதுவுமே..." கதவருகே நின்ற அமீர் நிஷாவைப் பார்த்தார். "எனக்குச் சரியா ஆடத் தெரியாது. கிளாஸுக்குப் பேரு குடுத்தவங்க வேற எடம் பாத்துக்குங்க."

முன்வரிசையில் இருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். கை தூக்கிய தகப்பன் கையைக் கீழே இறக்கினார். நடுவில் ஒரு பிள்ளை, என்னப்பா சொல்றாரு என்று கேட்டது. பின்வரிசைகளில் காய் அடுக்கும் சத்தம் நிற்கவில்லை. சுந்தரமூர்த்தி நாற்காலியை நகர்த்தி எழுந்து, சரி சரி, ஆரம்பிக்கலாம் என்றார்.

படிக்கட்டில் இருந்த தையல்நாயகி எழுந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குள் ஒரு காலை எடுத்து வைத்தாள். தெருவில் மீன் கூவும் குரல் அது. மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போயிற்று.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல பாய்."

காய் அடுக்கும் சத்தம் நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்தார்கள்.

ஜவஹர் அலி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல், சத்தமாகச் சொல்லத் தொடங்கினார்.